திரும்பி வராத மூன்றாம் துண்டு

மோகனப்ரியாவின் நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டு சர்வர் அறையின் கதவைச் சாத்தியபோது, மேலாளர் பிரகாஷ் குரலை உயர்த்தவே இல்லை. இரண்டாம் ஷிப்டின் சங்கு ஊதுவதற்குள் மேசைமேல் இருக்கும் காகிதத்தில் அவள் கையெழுத்திட்டால் வீட்டுக்குப் போகலாம். இல்லையேல் சங்கு ஊதியவுடன் அவளைக் காவல் துறையிடம் ஒப்படைக்க நேரும். இவ்வளவையும் அவர் தேநீர் வேண்டுமா என்று கேட்கும் தொனியிலேயே சொல்லி முடித்தார்.

அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. அட்டை இல்லாமல் கதவு உள்ளிருந்தும் திறவாது. குளிர்சாதனப் பெட்டி மட்டும் ஓயாமல் இரைந்து, அவள் கைவிரல்களை மரத்துப்போகச் செய்துகொண்டிருந்தது.

வெடிப்பு விழுந்த பிரேக் டிரம்கள் வெளியே போகும்படி வேண்டுமென்றே கணினியில் மாற்றம் செய்தவள் தானே என்று அவள் ஒப்புக்கொள்வதாகக் காகிதத்தின் முதல் வரி சொல்லியது. அதற்கடியில் அவள் பெயர் தட்டச்சு செய்யப்பட்டு, மேலே இடம் விடப்பட்டிருந்தது. கையெழுத்திட்டால் ஓசூர் சிப்காட்டிலும் சரி, எல்லைக்கு அப்பால் பொம்மசந்திராவிலும் சரி, எந்தக் கம்பெனியும் அவளை வாசற்படி ஏற்றாது. கையெழுத்திடாவிட்டால் லாக்கப். இரண்டு பக்கமும் சுவர்.

தென்பெண்ணை டிரம்ஸ் என்னும் அந்தத் தொழிற்சாலையில், ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கர்நாடகத்துக்குச் சென்ற முதல் லாரியிலேயே கழிவென்று ஒதுக்கிய டிரம்களும் கலந்து போயிருந்தன. வாங்கிய நிறுவனத்தின் சோதனை ஓட்டத்தில் ஒரு டிரம் பிளந்து, ஓட்டுநர் கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். கேட்டில் நிற்கும் கணினி அந்த டிரம்களுக்கு அனுமதிச் சீட்டு அச்சிட்டுக் கொடுத்திருந்தது. அந்தக் கணினிக்குக் கட்டளைகள் எழுதியவள் மோகனப்ரியா. ஆகவே குற்றவாளி யார் என்று தேடும் சிரமம் எவருக்கும் இருக்கவில்லை, முதலாளி கோவிந்தப்பன் ஒருவரைத் தவிர. அவர் பெங்களூரில் இருந்தபடியே கிருஷ்ணகிரிக்குத் தொலைபேசி செய்து, துப்பறியும் ராஜாத்தியை உடனே புறப்படச் சொல்லிவிட்டார்.

கதவு திறந்தது. காவலாளி கங்கப்பன் இருவரை உள்ளே விட்டுவிட்டு, மறு நொடியே கதவை இழுத்துச் சாத்தினார். ராஜாத்தி எல்லைச் சோதனைச் சாவடியில் பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். பருத்திப் புடவை, ஆண்கள் கட்டும் கடிகாரம், எதையும் எடை போடும் கண்கள். உடன் வந்தவன் அவருடைய உதவியாளன் முனிவேல். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவனாயினும், வாய்க்குத் தாழ்ப்பாள் போடும் பழக்கத்தை இன்னும் கற்றுக்கொள்ளாதவன்.

முனிவேல் கதவைத் தள்ளிப் பார்த்தான். அது அசையவில்லை.

"கங்கப்பண்ணா, நாங்க விசாரிக்க வந்தவங்க. எங்களையும் சேர்த்துப் பூட்டிட்டீங்களே."

"மேனேஜர் சாரு சொல்லாம திறக்கக் கூடாதுங்க. ஸ்வல்ப பொறுத்துக்கோங்க" என்று கதவுக்கு அப்பால் இருந்து பதில் வந்தது.

"அக்கா, தளி ஊர்ல மார்கழி மாசம்கூட இம்மாங் குளிரு இல்ல. கம்ப்யூட்டரு கெட்டுப்போகக் கூடாதுன்னு மனுசனப் பொணமாக்கி வெக்கிறாங்க."

ராஜாத்தி அவனைப் பொருட்படுத்தாமல் மோகனப்ரியாவின் எதிரே அமர்ந்தார். கையெழுத்துப் போடப் போகிறாயா என்றுதான் முதலில் கேட்டார். தெரியவில்லை என்றாள் அவள். அந்தப் பதிலில் இருந்த உண்மை அவளுக்கே அச்சமூட்டியது.

"அப்ப இன்னும் நேரம் இருக்குது. என்ன மாத்துனே, எதுக்கு மாத்துனே? எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது கண்ணு. கேட்டு தெரியும், லாரி தெரியும். அதுக்குத் தகுந்தாப்ல சொல்லு."

மோகனப்ரியா சொன்னாள். தரவுத்தளத்துக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டளைத் தொகுப்பு எழுதிச் சேமித்து வைத்திருப்பார்கள்; ப்ரொசீஜர் என்பது அதற்குப் பெயர். டிரம் வெளியே போவதற்கு மூன்று ப்ரொசீஜர்கள் வேலை செய்கின்றன. முதலாவது ஆய்வுப் பகுதியுடையது. டிரம்முக்குத் தரம் போடும். இரண்டாவது ஸ்டோர்ஸ் உடையது. தரத்தைக் குறித்துச் சரக்கை எடுத்துக் கொடுக்கும், எதையும் தடுக்காது. மூன்றாவது கேட் உடையது, கழிவைத் தடுத்து மற்றதற்குச் சீட்டு அச்சிடும். பழைய முறையில் ஒன்று என்றால் நல்லது, இரண்டு என்றால் கழிவு. வாங்கும் நிறுவனம் மூன்று தரம் கேட்டது. புதிய முறையில் ஒன்றும் இரண்டும் வெளியே போகலாம், மூன்றுதான் கழிவு.

முனிவேல் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தான். "அப்ப தரம் போடறவரு பழைய ஆளாவும், கேட்டுல நிக்கிறவரு புது ஆளாவும் இருந்தா?"

"அதேதாங்க நடந்திருக்குது. ஆய்வு பழைய முறையில கழிவுக்கு ரெண்டு போட்டுச்சி. கேட் புது முறையில ரெண்டை வெளிய விட்டுருச்சி."

இப்படி ஆகும் என்று அறிந்தே, மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி அவள் எழுதியிருந்தாள். மூன்றும் மாறினால் மாறட்டும். ஒன்று தவறினாலும் எல்லாம் பழையபடி திரும்பிவிட வேண்டும். கடைசியில் உறுதி செய்யும் கட்டளை வரும்வரை எதுவும் நிலைபெறாது. அந்தக் கட்டை அனுமதிக்காகப் பிரகாஷுக்கு மின்னஞ்சலில் அனுப்பியும் இருந்தாள். பூஜை முடிந்து வந்து தானே ஓட்டுவதாக அதில் எழுதியிருந்தாள். தாம் அந்த அஞ்சலைத் திறக்கவே இல்லை என்பது மேலாளரின் வாக்குமூலம்.

விடுமுறைக்குப் பின் அவள் திரும்பி வந்தபோது ஆய்வும் ஸ்டோர்ஸும் பழையபடியே இருந்தன. அதனால் எவரும் எதையும் தொடவில்லை என்றே எண்ணி, மேலாளரின் அனுமதிக்காக அவள் காத்திருந்தாள். கேட் ப்ரொசீஜரைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மூன்றாவது மட்டும் ஆயுத பூஜையன்று மாறியிருந்தது. மாற்றும் உரிமையுள்ள கடவுச்சொல் அறிந்தவர்கள் அவளும் மேலாளரும் மட்டுமே. பிரகாஷ் கேட்பது ஒரே கேள்வி: கேட்டை மட்டும் மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவைத்தவள், டிரம்களைக் கடத்த நினைத்தவளாகத்தானே இருக்க வேண்டும்?

ராஜாத்தி சற்று நேரம் கடிகாரத்தின் வாரை நெகிழ்த்துவதும் இறுக்குவதுமாக இருந்தார். பிறகு, மூன்றையும் ஓட்ட முயன்று நடுவில் தவறியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார்.

"எல்லாம் திரும்பியிருக்கணும்" என்று தொடங்கிய மோகனப்ரியா, நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்லீங்க. ஒரு ப்ரொசீஜரை மாத்துற கட்டளை, ஒரு துண்டோட தலையிலதான் நிக்கணும். அதனால கட்டை மூணு துண்டா வெட்டி வெட்டி அனுப்புவோம். நடுத்துண்டுல தப்பு வந்தா, அதுவரைக்கும் செஞ்சதெல்லாம் திரும்பிரும். கட்டே அவுந்துரும். ஆனா வெட்டி அனுப்புற சாஃப்ட்வேருக்கு அது தெரியாது. மூணாவது துண்டையும் அனுப்பிரும்."

ராஜாத்தியின் கண்கள் முதன்முறையாக மலர்ந்தன. "மூணு லாரி, ஒரே பெர்மிட்டு. நடு லாரி மாட்டிக்குது. பெர்மிட்டு ரத்து. முன்னால போன லாரியைத் திருப்பிக் கூப்பிட்டுக்கறாங்க. மூணாவது டிரைவருக்கு யாரும் ஒண்ணும் சொல்லல."

"சொல்லலைங்க. அவன் பெர்மிட்டே இல்லாம தனியா எல்லையத் தாண்டிப் போயிருவான். திரும்பவும் வரமாட்டான்."

"நல்ல டிரைவரு" என்றான் முனிவேல். "டீ குடிக்கக்கூட நிறுத்தல."

ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால், கட்டு இன்னும் அவிழாமல் இருக்கிறதா என்று சரிபார்த்து, இல்லையெனில் நிற்கச் சொல்லும் வரி ஒன்றை எழுதுவதுதான் முறை. தானே அருகில் இருந்து ஒவ்வொரு துண்டாக ஓட்டப் போகிறோம் என்ற எண்ணத்தில் அவள் அதை எழுதவில்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை.

ஆனால் அப்படித்தான் நடந்தது என்பதற்குச் சாட்சி எங்கே என்று ராஜாத்தி கேட்டார். திரும்பிப் போனது சுவடு வைத்துவிட்டா போகும்?

மோகனப்ரியா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். கட்டின் முதல் வேலை, மாற்றம் தொடங்கியது என்று தரவுத்தளத்தில் ஒரு குறிப்பை எழுதுவது. குறிப்புக்கு எண்ணைத் தரவுத்தளமே கொடுக்கும். கட்டு அவிழ்ந்தால் குறிப்பு அழிந்துவிடும். கொடுத்த எண் மட்டும் திரும்பாது. அடுத்தவருக்கு அதற்கடுத்த எண்தான். திரையில் வரிசையாக வந்த எண்களுக்கு நடுவே, பூஜைக்கு முந்தைய குறிப்புக்கும் பிந்தைய குறிப்புக்கும் இடையில், ஓர் எண் இல்லாமல் இருந்தது.

"சலூன்ல டோக்கன் வாங்கிட்டு எந்திரிச்சிப் போனவனாட்டம்" என்றான் முனிவேல். "ஆளு இல்ல. நம்பரு போச்சு."

யாரோ அன்று கட்டை முதலிலிருந்து ஓட்டியிருக்கிறார்கள். நடுவில் தவறி, முதல் இரண்டும் திரும்பியிருக்கின்றன. கேட்டை மட்டும் பொறுக்கி மாற்றியதாகச் சொன்ன பழி அத்துடன் உதிர்ந்தது. ஆயினும் மோகனப்ரியாவுக்கு மூச்சு இலகுவாகவில்லை. ஓட்டியவள் அவளாகவும் இருக்கலாமே. மேலும், அவள் அதைப் பலமுறை தரவுத்தளத்தின் நகலில் ஓட்டிப் பார்த்திருந்தாள், ஒருமுறையும் தவறியதில்லை. அன்று மட்டும் ஏன் தவறிற்று?

ராஜாத்தியும் அதையே கேட்டார். அந்த ஒரு நாளில் இங்கே என்ன வேறுபாடு என்று அவர் வினவ, பூஜைதான் என்றாள் அவள். எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. ஆரத்தித் தட்டு எல்லா இயந்திரத்துக்கும் வர வேண்டுமல்லவா? இந்தச் சர்வர் பெட்டிக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்கள்.

"எங்க வூட்லயும் அப்படித்தாங்க" என்று முனிவேல் குறுக்கே விழுந்தான். "சாமி முன்னால வெச்ச ரேசரை மறுநா வரைக்கும் தொடக் கூடாதுன்னுட்டாங்க. முள்ளுத் தாடியோட ஒரு கல்யாணத்துக்குப் போயி நின்னேன். பொண்ணு வூட்டுக்காரங்க என்னைச் சமையக்காரன்னு நெனச்சிக்கிட்டாங்க."

மோகனப்ரியா அவனையே பார்த்தாள். பார்த்தபடியே எழுந்து நின்றாள்.

அந்தத் தொழிற்சாலையிலும் அன்று ஸ்டோர்ஸில் இருந்து ஒரு ஸ்பேனரும் வெளியே வரக் கூடாது. ஸ்டோர் கீப்பர் சின்னராஜுக்கு அது மாறா விரதம். கணினி வந்த பிறகு, கணினி வழியாகவும் எவரும் சரக்கு எடுத்துவிடக் கூடாதென்று அவர் வற்புறுத்தவே, ஆண்டுதோறும் அன்று காலையில் ஸ்டோர்ஸ் ப்ரொசீஜரின் பெயரை மாற்றி அதை ஓய்வில் வைப்பது வழக்கமாயிற்று. மறுநாள் காலையில் பழைய பெயரைச் சூட்டி எழுப்புவார்கள். விளக்கேற்றுவது போன்ற வேலை; அதனாலேயே அவளுக்கு அது ஒரு தகவலாகத் தோன்றவில்லை.

"அன்னைக்கு மட்டும் அந்தப் பேர்ல ப்ரொசீஜரே இல்லைங்க. நடுத்துண்டு அதைத் தேடியிருக்கும். கெடைச்சிருக்காது."

"பேரை மாத்துறது யாரு?"

"நாந்தான். மூணு வருசமா."

ராஜாத்தி நாற்காலியில் சாய்ந்து அமர்ந்தார். அதை ஓய்வில் வைத்தவளே அன்று அதைத் தேடி ஓட்டியிருக்க மாட்டாள். ஓய்வு தெரியாதவன்தான் ஓட்டியிருக்க வேண்டும். மேலாளர் பிரகாஷ் எப்போது வேலைக்குச் சேர்ந்தார் என்று அவர் மெல்லக் கேட்டார். போன பொங்கலுக்குப் பிறகு, புனேயில் இருந்து வந்தவர் என்று பதில் வந்தது. இங்கே அவருக்கு அதுதான் முதல் ஆயுத பூஜை.

"இது போதாது" என்றார் ராஜாத்தி. "நீ மறந்துபோய் ஓட்டுனேன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாரு."

அப்போது சங்கு ஊதியது. சுவர்களைக் கடந்து வந்த அந்த ஓசை அறைக்குள் நெடுநேரம் நின்றது போல் மோகனப்ரியாவுக்குத் தோன்றிற்று. கதவு திறந்தது. முன்னால் பிரகாஷ், பின்னால், வேட்டி நுனியைப் பிடித்தபடி, பெங்களூரில் இருந்து வந்து இறங்கிய, பெரிய உடம்புக்காரரான முதலாளி கோவிந்தப்பன். கேட்டில் போலீஸ் ஜீப் வந்து நிற்பதாகக் கங்கப்பன் வாசலில் இருந்தே சொன்னார். சங்கு ஊதும் முன்பே காவல் துறைக்குத் தகவல் போய்விட்டது என்பது அப்போதுதான் விளங்கியது.

காகிதத்தில் கையெழுத்து இல்லாததைக் கண்ட பிரகாஷ் உதட்டைப் பிதுக்கினார். ராஜாத்தி அவருக்கு எழுந்து வணக்கம் சொல்லி, தமக்கு இந்தப் பெண்மீதே சந்தேகம் இருப்பதாகக் கூறினார். மோகனப்ரியாவுக்கு, அடைபட்ட அறையில் இருந்த ஒரே சாளரத்தையும் யாரோ சாத்தியது போல் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதாங்க சார்" என்றார் ராஜாத்தி. "இவ அனுப்புன மெயிலை நீங்க பாத்தீங்களா?"

"பூஜை வேலையில மெயில் பாக்க ஏதுங்க நேரம். இன்னைக்கு வரைக்கும் தொறக்கல."

"அதுல இருந்த ஸ்கிரிப்டை?"

"என்ன எழுதியிருந்தான்னே எனக்குத் தெரியாதுங்க."

ராஜாத்தி முதலாளியின் பக்கம் திரும்பினார். இவள் எழுதிய கட்டு சரியானதா, திருட்டுத்தனமானதா என்று முதலாளி கண்ணாலேயே பார்த்துவிட்டால் காவலரிடம் ஒப்படைக்கச் சுலபமாக இருக்கும் என்றார். பக்கத்துக் கணினியில் தரவுத்தளத்தின் நகல் இருக்கிறது. அதில் ஓட்டினால் தொழிற்சாலைக்குக் கெடுதல் இல்லை. மூன்று மாற்றமும் ஒழுங்காக நடந்தால், இவள் எழுதியதில் குற்றமில்லை என்று ஆகும்.

"எதுக்குங்க இந்தக் கூத்து" என்று பிரகாஷ் இடைமறித்தார். "அது ஓடாதுங்க சார். ஸ்டோர்ஸ்ல வந்து நின்னுக்கும். அவ எழுதுன லட்சணம் அப்படி. நம்ம நேரந்தான் வீண்."

தாம் என்ன சொன்னோம் என்பதை அவர் இன்னும் அறியவில்லை. தம் கண்ணால் கண்டதையே அவர் சொன்னார். அது எந்நாளும் அப்படித்தான் நிற்கும் என்று நம்பியே சொன்னார்.

"ஓட்டும்மா" என்றார் கோவிந்தப்பன்.

மோகனப்ரியா விசையை அழுத்தினாள். முதல் துண்டு நிறைவேறியது. இரண்டாவது நிறைவேறியது. மூன்றாவதும் நிறைவேறி, உறுதியும் ஆயிற்று. திரையில் ஒரு சிவப்பு எழுத்துக்கூட இல்லை.

"எங்கயும் நிக்கலீங்களே" என்றான் முனிவேல். "சார் ஜோசியம் பொய்யாப் போச்சி."

ராஜாத்தி அவசரப்படவில்லை. வருடத்தில் ஒரே ஒரு நாளில், ஆயுத பூஜையன்றுதான் அந்தக் கட்டு ஸ்டோர்ஸில் நிற்கும் என்றார். அன்று அதற்கு ஓய்வு; ஓய்வில் வைத்து எழுப்புபவள் இந்தப் பெண்; சாட்சி சின்னராஜ். "மத்த நாள்ல யார் ஓட்டுனாலும் ஓடும். ஓடாதுன்னு தோணுற ஆளு ஒருத்தருதாங்க இருக்க முடியும். அன்னைக்கு ஓட்டிப் பாத்தவரு."

பிரகாஷ் கதவைத் திரும்பிப் பார்த்தார். வாசலை அடைத்தாற்போல் கங்கப்பன் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு வந்தவை துண்டு துண்டான சொற்கள். விடுமுறை முடிந்ததும் வாங்கும் நிறுவனத்தின் தணிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. புதிய தரமுறை அதற்குள் நடைமுறைக்கு வந்துவிடும் என்று அவர் வாக்களித்திருந்தார். இந்தப் பெண்ணோ பூஜை முடியட்டும் என்றாள். எல்லாரும் ஆரத்தியில் கைகூப்பி நின்ற வேளையில், திறந்து கிடந்த இந்த அறைக்குள் வந்து தாமே ஓட்டினார்.

"நடுவுல ஏதோ செகப்பா வந்துச்சி சார். கடைசி வரியில முடிந்ததுன்னு போட்டுச்சி. சரியாயிருச்சின்னு நெனச்சிட்டேன். பெரிய தப்புன்னு எனக்குத் தோணலை."

கோவிந்தப்பன் ஜீப்பில் வந்தவர்களிடம் தாமே பேசுவதாகவும், பிரகாஷும் உடன் வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, மோகனப்ரியாவைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டுமா அம்மா என்று கேட்டார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அது அவளுக்கே வியப்பாக இருந்தது.

"கடைசி வரிய நம்புனதுல தப்பில்லைங்க சார்" என்றாள், பிரகாஷிடம். "நானும் ஒரு வரி எழுதாம விட்டேன். ஆனா அந்த டிரைவர் கால் ஒடஞ்ச சேதி வந்ததுக்கப்புறம், தெனமும் கேன்டீன்ல எனக்கு எதுத்தாப்ல உக்காந்து சாப்பிட்டீங்க. மோர் வேணுமான்னுகூடக் கேட்டீங்க."

முதலாளி முன்னால் நடக்க, பிரகாஷ் பின்னால் போனார். அந்தக் காலடிகள் தேயும்வரை நின்றிருந்த மோகனப்ரியா, திடீரென்று நினைவு வந்தவளாகக் கங்கப்பனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, கேட்டுல லாரி ஏதாச்சும் நிக்கிதா?"

ஜீப்புக்குப் பின்னால் ஒன்று, சரக்கு ஏற்றிச் சீட்டும் வாங்கிவிட்டு நிற்பதாக அவர் சொன்னார்.

"விடாதீங்க. இப்ப ஓட்டுனது நகல்லதான். கேட்டு இன்னும் ரெண்டை நல்லதுன்னுதான் நெனச்சிட்டிருக்குது."

கங்கப்பன் ஓடினார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் துண்டுக்கு முன்னால், எழுதாமல் விட்ட அந்த வரியை எழுதத் தொடங்கினாள்.